ஆளில்லாச் சாலையில் லாரியின் பிரேக் போனால்

கேள்வி – ஜூன் 3

காற்றுப் பிரேக் உள்ள லாரியில் காற்று முழுவதும் வெளியேறிவிட்டால், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தானாகவே சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று படித்திருக்கிறேன். அப்படியென்றால் ‘பிரேக் பிடிக்காமல் லாரி பள்ளத்தில் பாய்ந்தது’ என்ற செய்திக்கு என்ன பொருள்? ஓட்டுநர் கண்ணயர்ந்துவிட்டுப் பழியைப் பிரேக் மீது போடுகிறார் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

பதில் – ஜூன் 3, இரவு

முதல் பாதி சரி, முடிவு சரியல்ல. பின் சக்கரங்களின் சேம்பருக்குள் (காற்றழுத்தத்தைப் பிரேக் விசையாக மாற்றும் கூட்டுக்குள்) கனத்த ஸ்பிரிங் ஒன்று இருக்கிறது. காற்றழுத்தம் அதை அமுக்கி வைத்திருக்கும் வரைதான் வண்டி நகரும். காற்று இறங்கினால் ஸ்பிரிங் விரிந்து லைனரை, அதாவது உராய்வுப் பட்டையை, சக்கரத்தோடு சுழலும் டிரம்மின் மீது அழுத்தும். ஆனால் அது அழுத்துவது கால் பிரேக் பயன்படுத்தும் அதே லைனரைத்தான், அதே டிரம்மின் மீதுதான். நீண்ட இறக்கத்தில் அவை வெந்து பிடிமானத்தை இழந்துவிட்ட பிறகு, காலால் அழுத்தினாலும் ஸ்பிரிங் அழுத்தினாலும் கிடைப்பது ஒன்றுதான். இறக்கத்தில் கை மீறி ஓடும் லாரிகள் பலவற்றில் டேங்கில் காற்று நிறையவே இருக்கும், அழுத்தமானியின் முள் 8 பார் (பார் என்பது காற்றழுத்த அலகு) அருகில் அசையாமல் நிற்கும், வண்டி மட்டும் நிற்காது.

இன்னொன்றும் சேர்கிறது. டிரம் சூடாகும்போது விரிந்து, லைனரை விட்டு விலகுகிறது. அந்த இடைவெளியை நிரப்ப சேம்பரிலிருந்து வெளியே வந்து பிரேக்கை இயக்கும் தண்டான புஷ் ராடு இன்னும் நீண்டு வர வேண்டும். அதற்கோ ஓர் எல்லை உண்டு. குளிர்ந்த நிலையில் எல்லையை ஒட்டி இருந்த புஷ் ராடு, சூட்டில் எல்லையைத் தாண்டி, சேம்பரின் அடியில் முட்டி நின்றுவிடும். அதற்கு மேல் எத்தனை பார் காற்று கொடுத்தாலும் லைனருக்கு ஒரு பலனும் போய்ச் சேராது. ஸ்பிரிங்கும் விரிய விரியத் தன் பலத்தை இழப்பதால், கை பிரேக்கின் கதையும் அங்கேயே முடிகிறது.

ஜூன் 4, காலை

இரவு எழுதியதற்கு ஒரு சேர்க்கை. ‘காற்றுப் பிரேக்’ என்று பொதுவாகச் சொன்னேன். ஆனால் நடுத்தர லாரிகள் பலவற்றில் காற்று பூஸ்டராக மட்டுமே வேலை செய்கிறது, சக்கரத்துக்குப் போவது பிரேக் ஆயில்தான். சிறிய லாரிகளில் காற்றும் இல்லை, வெற்றிட பூஸ்டரும் ஆயிலும் மட்டுமே. இந்த வகைகளில் குழாய் ஒன்று வெடித்தால் வண்டி தானாக நிற்காது. பெடல் பஞ்சு போல இறங்கிவிடும். கேள்வி கேட்டவர் நம்பும் பாதுகாப்பு இந்த வண்டிகளில் அடியோடு கிடையாது. தான் ஓட்டும் வண்டி எந்த வகை என்று தெரியாமலே ஆண்டுக்கணக்கில் ஓட்டுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். ‘பெடலை மிதித்தால் நிற்கிறது, வேறென்ன தெரிய வேண்டும்’ என்பார்கள்.

ஜூன் 4, மாலை

‘பிரேக் பிடிக்கவில்லை’ என்று தொலைபேசியில் ஒருவர் சொன்னால், நான் முதலில் கேட்பது பெடல் எப்படி இருக்கிறது என்பதைத்தான். பெடல் கெட்டியாக இருந்து, அழுத்தமும் இருந்து, வண்டி மட்டும் நிற்கவில்லை என்றால் அது சூடு. கூடவே கருகிய வாடையும் இருக்கும். பெடல் தரைவரை போகிறதென்றால் அது ஆயில் கசிவு, அல்லது ஆயில் கொதித்து ஆவியானது. முள் இறங்கிக்கொண்டே வந்து, எச்சரிக்கை மணியும் ஒலித்தால் அது காற்றுக் கசிவு. ஒன்றுக்குச் செய்யும் மருந்து இன்னொன்றுக்கு விஷமாக முடியும் என்பதால்தான் இதை வலியுறுத்துகிறேன்.

பெடலை விடாமல் அடித்து அடித்து மிதி என்ற பழைய அறிவுரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயில் பிரேக்கில் பெடல் இறங்கிவிட்டால் அது ஓரளவு பலன் தரும். இரண்டு மூன்று மிதியில் கொஞ்சம் அழுத்தம் திரும்பலாம். காற்றுப் பிரேக்கில் அதையே செய்தால், ஒவ்வொரு மிதிக்கும் டேங்கிலிருந்து காற்றை எடுத்து வெளியே ஊதுகிறீர்கள். டேங்கை நிரப்பும் கம்பிரசர் ஈடுகொடுக்காது. சூட்டால் பிடிக்காத பிரேக்கோடு காற்றும் குறைந்த வண்டி என்ற இரட்டை நிலைக்கு நீங்களே கொண்டுவந்து விடுவீர்கள்.

காற்றுக் கசிவுதான் மூன்றில் ஓரளவு இரக்கமுள்ளது, ஏனென்றால் அது முன்கூட்டியே சொல்லிவிட்டு வருகிறது. வண்டிக்கு வண்டி மாறினாலும், பல லாரிகளில் 4 முதல் 5 பாருக்கு அருகில் எச்சரிக்கை விளக்கும் மணியும் வேலை செய்யத் தொடங்கும். அடுத்த ஊர் வரை தாங்கும் என்று கணக்குப் போடாமல், கட்டுப்பாடு கையில் இருக்கும்போதே ஓரம் கட்ட வேண்டும். அழுத்தம் இன்னும் இறங்கினால் ஸ்பிரிங் தன் போக்கில் பின் சக்கரங்களைப் பூட்டிவிடும். அது வளைவிலோ ஈரத்திலோ நேர்ந்தால் வண்டியின் பின்பகுதி எந்தப் பக்கம் போகும் என்பதை நீங்கள் தீர்மானிக்க முடியாது.

ஜூன் 6

சூடு என்பதை நான் பெரிதுபடுத்துகிறேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கணக்கே பேசட்டும். மொத்த எடை 25 டன் உள்ள லாரி செங்குத்தாக 300 மீட்டர் உயரம் இறங்குகிறது என்று வையுங்கள். அது இழக்கும் ஆற்றல் ஏறத்தாழ 73 மெகாஜூல். அதே லாரியை 60 கி.மீ. வேகத்திலிருந்து ஒரு முறை முழுவதும் நிறுத்த பிரேக் உள்வாங்க வேண்டியது சுமார் 3.5 மெகாஜூல் மட்டுமே. அதாவது அந்த ஓர் இறக்கம், இடைவிடாமல் இருபது முறைக்கு மேல் அவசர பிரேக் போட்டதற்குச் சமம். இருநூறு லிட்டருக்கும் அதிகமான குளிர்ந்த நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் இது. எஞ்சினும் டயர்களின் உருளல் தடையும் அதில் ஒரு பங்கை ஏற்கவில்லையென்றால், எல்லாம் டிரம்களுக்குள்தான் போக வேண்டும்.

வேகமும் கணக்கில் இருக்கிறது. நூற்றுக்கு ஆறு சரிவில் அதே லாரி 30 கி.மீ. வேகத்தில் இறங்கினால், அதைப் பிடித்துவைக்க நொடிக்கு நொடி 120 கிலோவாட் அளவுக்குத் தடை வேண்டும். 60 கி.மீ. என்றால் அது இரட்டிப்பாகிறது. மெதுவாகப் போனால் எக்ஸாஸ்ட் பிரேக்கும் (எஞ்சினின் புகை வெளியேறும் வழியை அடைத்துத் தடை கொடுப்பது) எஞ்சினும் இதில் பெரும் பங்கைத் தாங்கிவிடும், டிரம்களுக்கு ஆற நேரமும் கிடைக்கும். வேகமாகப் போனால் மிச்சம் முழுவதும் லைனர் மீது விழும். ஆகவே இந்த வகைப் பிரேக் கோளாறு உண்மையில் இறக்கத்தின் உச்சியில், எந்த கியரில் இறங்குவது என்று முடிவு செய்யும் அந்த அரை நிமிடத்திலேயே தொடங்கிவிடுகிறது. கீழே மூன்றாவது வளைவில் நடப்பது அதன் விளைவு.

கேள்வி கேட்டவருக்கு: ஓட்டுநர் மீது முழுப் பழியும் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் கண்ணயர்ந்ததும் தவறான கியரில் இறங்கியதும் ஒன்றல்ல. அளவுக்கு மீறி ஏற்றியவரும், லைனர் மாற்றும் செலவைத் தள்ளிப்போட்டவரும் அந்த இறக்கத்தில் கூடவே பயணம் செய்கிறார்கள். செய்தியில் அவர்கள் வருவதில்லை.

ஜூன் 7

‘ஏறிய கியரிலேயே இறங்கு’ என்ற விதி போதாதா என்று கேட்கிறார்கள். பழைய வண்டிகளுக்கு அது நல்ல விதிதான். இப்போதைய எஞ்சின்களுக்கு வலு அதிகம், ஆகவே மேல் கியரிலேயே ஏறிவிடுகின்றன. உள் உராய்வோ குறைவு, ஆகவே இறங்கும்போது பழையதைப் போல இழுத்துப் பிடிப்பதில்லை. ஏறியதைவிடக் கீழ் கியரில் இறங்குவதே பத்திரம். எக்ஸாஸ்ட் பிரேக் எஞ்சின் வேகமாகச் சுழலும்போதுதான் நன்றாகப் பிடிக்கும் என்பதால், எஞ்சின் சத்தம் கொஞ்சம் உயர்ந்திருப்பதைக் கண்டு பதறத் தேவையில்லை. சிவப்புக் கோட்டைத் தொடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பிரேக்கை எப்படி மிதிப்பது என்பதில் வழக்கமான சண்டை இங்கும் தொடங்கிவிட்டது. மெல்லியதாகத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே வருவதா, அழுத்தி அழுத்தி விடுவதா? நான் இரண்டாவது பக்கம். பத்திரமான வேகம் என்று ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். வண்டி அதைத் தொட்டவுடன் உறுதியாக அழுத்தி, ஏழெட்டு கி.மீ. குறைத்துவிட்டு முழுவதும் விட வேண்டும். மறுபடி அந்த வேகம் வந்த பின் அழுத்த வேண்டும். தொடர்ந்து மெல்ல அழுத்தும்போது, சரியாக அட்ஜஸ்ட் ஆகியிருக்கும் ஓரிரு சக்கரங்கள் மட்டும் எல்லா வேலையையும் செய்து வெந்துபோகும், மற்றவை சும்மா சுற்றும். உறுதியாக அழுத்தும்போது எல்லாச் சக்கரங்களும் பங்கெடுக்கின்றன. இது நான் முன்பு கண்டித்த ‘அடித்து அடித்து மிதிப்பது’ அல்ல என்பதைக் குறித்துக்கொள்ளவும். இங்கே ஒவ்வோர் அழுத்தத்துக்கும் இடையே நீண்ட இடைவெளி இருக்கிறது, கம்பிரசர் டேங்கை நிரப்பிவிடும்.

ஜூன் 8

டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குவது பற்றி: மிச்சமாகும் டீசலுக்கான தொகையை மகன் பெயரில் எழுதி வைத்துவிட்டு இறங்கவும். எஞ்சினையும் அணைத்து இறங்குபவர்களுக்குச் சொல்ல என்னிடம் வேடிக்கை எதுவும் இல்லை. கம்பிரசர் நின்றுவிடும், பவர் ஸ்டியரிங் போய்விடும், வெற்றிட பூஸ்டர் உள்ள வண்டியில் ஓரிரு மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும்.

ஜூன் 10

சரி, முன்யோசனை எல்லாம் தவறி, வண்டி ஓடத் தொடங்கிவிட்டது. இப்போது என்ன என்பதே பலருடைய கேள்வி. நூற்றுக்கு ஆறு சரிவில் தடையே இல்லாமல் உருளும் லாரி, பத்து விநாடிக்கு ஏறத்தாழ 21 கி.மீ. வீதம் வேகம் பிடிக்கும். யோசிக்கக் கிடைக்கும் நேரம் அவ்வளவுதான். ஆகவே வேகம் குறைவாக இருக்கும்போதே மோசமான வழியைத் தேர்ந்தெடுப்பது, வேகம் கூடிய பிறகு நல்ல வழியைத் தேடுவதைவிட மேல்.

இருக்கும் கியரைக் கைவிடக் கூடாது. கீழ் கியருக்கு மாற்றலாம் என்று கிளட்சை அழுத்தி நியூட்ரலுக்கு வந்து, அதன்பின் எந்த கியரும் விழாமல் எஞ்சின் தடையையும் இழந்தவர்கள் நிறையப் பேர். ஹாரன், முன்விளக்கு, நான்கு பக்க விளக்கு எல்லாம் போட்டபடி, எக்ஸாஸ்ட் பிரேக்கை விடாமல், மேல்நோக்கிப் பிரியும் மண்பாதையோ, உழுத நிலமோ, அடர்ந்த புதரோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் மலைப்பக்கச் சுவரில், நேராக மோதாமல், மிகச் சாய்ந்த கோணத்தில் பக்கவாட்டை உரசவிட்டு வேகத்தைத் தின்ன வைக்க வேண்டும். வண்டி கிழியும். கிழியட்டும்.

சரளை நிரப்பிய தப்பிப்புத் தளம் உள்ள சாலையென்றால் தயங்காமல் அதற்குள் நேராக ஏறிவிட வேண்டும். சக்கரங்கள் அச்சுவரை புதையும், சரளை ஆற்றலை உறிஞ்சிவிடும். பலர் அதைக் கடந்து போய்விடுவதற்குக் காரணம் இருக்கிறது: உள்ளே போன வண்டி தானாக வெளியே வராது, இழுவை வண்டி வர வேண்டும், முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தத் தயக்கம்தான் மறுவளைவில் ஆளைக் கொல்கிறது.

குதிப்பது பற்றிக் கேட்ட இளைஞருக்கு: வேண்டாம். சீட் பெல்ட்டோடு உள்ளே இருங்கள். குதித்தால் பின் சக்கரங்கள் உங்களைக் கடக்க வேண்டியிருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். வண்டியைத் திருப்பவும் அதன்பின் ஆள் இல்லை.

ஜூன் 11

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்ததில் கை பிரேக்கைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்று தெரிந்தது. ஆயில் பிரேக் வண்டியில், பெடல் போய்விட்ட நிலையில், கை பிரேக் தனிக் கம்பியில் இயங்குமென்றால் அதைப் படிப்படியாக இழுக்கலாம். பயன் சிறியதானாலும் உண்டு. காற்றுப் பிரேக்கில் கை வால்வு படிப்படியாக விடக்கூடிய வகை என்றால் அதே போலச் செய்து பார்க்கலாம். ஒரேயடியாக இழுத்தால் பின் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும். சூட்டால் போன பிரேக்கில் இரண்டும் வீண் என்பதை முதல் குறிப்பிலேயே சொல்லிவிட்டேன்.

எக்ஸாஸ்ட் பிரேக்குக்கும் ஒரு விலக்கு உண்டு. அது பிடிப்பது எஞ்சின் ஓட்டும் சக்கரங்களை மட்டும்தான். காலி வண்டி, ஈரச் சாலை, வளைவு மூன்றும் சேர்ந்தால், அந்தச் சக்கரங்கள் வழுக்கக்கூடும். டிரெய்லர் என்றால் முன்வண்டி மடங்கிக்கொள்ளும்.

ஜூன் 13

நின்றுவிட்ட பிறகு என்ன செய்வது என்பதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எனக்கென்னவோ அதுதான் பெரிய கேள்வியாகத் தெரிகிறது, அதுவும் தொலைபேசிக் கோபுரம் எட்டாத, மணிக்கொரு வண்டி வரும் சாலையில்.

முதல் வேலை முட்டுக்கட்டை. சரிவின் கீழ்ப்பக்கமாக, சக்கரத்தோடு ஒட்டி, குறைந்தது இரண்டு சக்கரங்களுக்கு வைக்க வேண்டும். முன் சக்கரங்களை மேட்டுப் பக்கம் திருப்பி வைக்க வேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டால், வண்டி கீழ்நோக்கி நிற்கும்போது ரிவர்ஸ் கியரில் போட்டு வைக்கலாம். டிரம் கொதிக்கும்போது கை பிரேக்கை இழுத்து நிறுத்தி வைப்பதை நான் தவிர்ப்பேன், கட்டை உறுதியாக இருந்தால். விரிந்த டிரம் ஆறும்போது, இறுக்கிய லைனரைச் சுற்றிச் சுருங்கும். கெடுதி அங்கேயும் வரலாம்.

கொதிக்கும் டிரம்மின் மீது தண்ணீரை ஊற்றும் பழக்கம் இன்னும் போகவில்லை. வார்ப்பிரும்பு திடீரென்று குளிர்ந்தால் விரிசல் விடும். தீப்பிடித்தால் மட்டும் அது வேறு கணக்கு: அப்போது டிரம்மைப் பற்றிக் கவலைப்படக் கூடாது, டயரில் தீ பரவாமல் பார்க்க வேண்டும். டயர்த்தீ அணைந்தது போல் தோன்றி மீண்டும் பிடிக்கும். சூடேறிய டயர் வெடிக்கவும் கூடும் என்பதால் சக்கரத்தின் பக்கவாட்டில் நிற்காமல், முன்னிருந்தோ பின்னிருந்தோ அணுக வேண்டும். இதைக் கிளீனர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

எச்சரிக்கை முக்கோணம் வண்டியின் வாலருகே வைப்பதற்கல்ல. வளைவு இருந்தால் வளைவுக்கு முன்னாலேயே, வருபவர் பிரேக் போட இடம் இருக்கும்படி வைக்க வேண்டும். பின்னால் வருபவருக்கும் பிரேக் சூடாகித்தான் இருக்கும்.

ஜூன் 15

இரவு முழுவதும் இப்படி ஒரு வண்டியோடு உட்கார்ந்திருந்த அனுபவத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். எஞ்சினை அணைத்ததும் காதுதான் கருவி. ‘உஸ்’ என்ற மெல்லிய சத்தம் சேஸிஸின் உள்பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் எதுவும் தெரியவில்லை. சோப்பு நீரைத் துணியில் தோய்த்து ஹோஸ் நெடுக ஒற்றிக்கொண்டே போனபோது, கிளாம்ப் கழன்று தொங்கிய ஓரிடத்தில், சேஸிஸ் விளிம்பில் உரசி உரசி ரப்பர் தேய்ந்து, உள்ளிருக்கும் நூல் பின்னல் வெள்ளையாகத் தெரிந்தது. அதன் நடுவிலிருந்து நுரை பொங்கியது. மேலிருந்து பார்த்தால் அந்த ஹோஸ் புதிது போலவே இருந்தது.

டேப் சுற்றினால் தாங்காது; 8 பார் அதைப் பிய்த்தெறியும். தேய்ந்த பகுதியை நேராக வெட்டி எடுத்துவிட்டு, அளவுக்கு ஏற்ற பித்தளை இணைப்பு போட்டு, கிளாம்ப் இறுக்கினால் பணிமனை வரை போகலாம். இணைப்பும் கிளாம்பும் வண்டியில் இருந்தால்தான். ஹோஸை மடக்கிக் கம்பியால் கட்டிக் காற்றை நிறுத்திவிட்டு ஓட்டும் வழி ஒன்று பேசப்படுகிறது; அப்படிச் செய்தால் அந்தச் சக்கரத்துக்கு, சில வண்டிகளில் அந்த அச்சுக்கே, பிரேக் இல்லை என்று பொருள். சமதரையில், நடை வேகத்தில், சாலையை விட்டு விலக்குவதற்கு மட்டும் அது சரி. முன்னால் இறக்கம் இருந்தால் அது பேச்சுக்கே இடமில்லை.

ஜூன் 16

ஸ்பிரிங் பூட்டிக்கொண்ட வண்டியை நகர்த்துவது எப்படி என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். சேம்பரின் பக்கத்தில் ஒரு போல்ட் சொருகப்பட்டிருக்கும். பின்மூடியின் நடுத்துளை வழியாக அதை உள்ளே விட்டு, கால்வட்டம் திருப்பிப் பூட்டி, நட்டை இறுக்கினால் ஸ்பிரிங் பின்னுக்கு இழுக்கப்பட்டுச் சக்கரம் விடுபடும். தேவைப்படும் நாளில் அந்த நட் துருப்பிடித்து ஒட்டியிருக்கும் என்பது எழுதப்படாத விதி.

ஆனால் விடுபட்டது பார்க்கிங் பிரேக்கும்தான். கட்டை வைக்காமல் இதைத் தொடங்கியவரை அவருடைய வண்டியே துரத்தும். இன்னொன்று: சேம்பரைச் சுற்றியுள்ள வளையக் கிளாம்பைச் சாலையோரத்தில் யாரும் கழற்றக் கூடாது. உள்ளே அமுங்கியிருக்கும் ஸ்பிரிங்கின் விசை ஒரு டன்னை நெருங்கும். மூடி தெறித்தால் தோட்டாவுக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. கெட்ட சேம்பரை முழுதாக மாற்றுவதே முறை.

ஜூன் 18

ஆயில் இல்லாத அவசரத்தில் தண்ணீரோ எஞ்சின் ஆயிலோ ஊற்றலாமா? எஞ்சின் ஆயில் கூடவே கூடாது. பிரேக்கின் ரப்பர் சீல்கள் ஊதிப்போய் முழு அமைப்பும் கெடும். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், அதாவது முதல் இறக்கத்திலேயே ஆவியாகும். ஆவி அமுங்கும், பெடல் மீண்டும் தரைக்குப் போகும். நல்ல ஆயிலிலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது. பிரேக் ஆயிலின் தர வகைகளில் ஒன்றான டாட் 3 புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் குறையாமல் தாங்க வேண்டும். ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 140 ஆகிவிடுகிறது. டாட் 4 வகைக்கு அவை 230, 155. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மையுள்ளது, ஆகவே மூடி திறந்து வைத்த பாட்டிலை அவசரத்துக்கென்று இருக்கைக்கு அடியில் வைத்திருப்பதில் பயன் இல்லை.

ஜூன் 21

புறப்படும் முன் எதைப் பார்த்தால் போதும் என்று கேள்வி கேட்டவரே திரும்ப வந்து கேட்டிருக்கிறார். ஒன்றே ஒன்று என்றால் நான் புஷ் ராடைத்தான் பார்ப்பேன். சமதரையில் கட்டை வைத்து, கை பிரேக்கை விடுவித்து, எஞ்சினை அணைத்துவிட்டு, புஷ் ராடு சேம்பருக்குள் நுழையும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. அழுத்தம் 6 முதல் 7 பாருக்குள் இருக்கும்போது ஒருவர் பெடலை முழுவதும் மிதித்துப் பிடிக்க வேண்டும். கோடு எவ்வளவு வெளியே வந்தது என்று அளவுகோலால் அளந்தால் போதும். பரவலாக உள்ள 30 வகைச் சேம்பருக்குச் சாதாரண நீளத்தில் 51 மி.மீ. எல்லை, நீண்ட வகைக்கு 64 மி.மீ. நான் அந்த எல்லையை ஒட்டி இருக்கும் வண்டியை இறக்கத்துக்கு அனுப்ப மாட்டேன். முதல் குறிப்பில் சொன்ன டிரம் விரிவு அதற்கு மேல்தான் வந்து சேரும்.

லைனர் தேயத் தேய இடைவெளியைத் தானே சரிசெய்யும் தானியங்கி ஸ்லாக் அட்ஜஸ்டர் இருப்பதால் அளக்கத் தேவையில்லை என்று எண்ண வேண்டாம். தானியங்கி வகையில் அளவு எல்லையைத் தாண்டியிருந்தால், அதைக் கையால் திருகிச் சரிசெய்வது நோயை மறைப்பதுதான். அட்ஜஸ்டரோ அதைத் தாங்கும் பகுதியோ கெட்டிருக்கிறது, அதைத்தான் பார்க்க வேண்டும்.

சாலையில் ஓடிய பிறகும் ஒரு சோதனை உண்டு. சில கி.மீ. ஓட்டி, சில முறை பிரேக் போட்டு நிறுத்திய பின், ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் தொடாமல் புறங்கையைக் காட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் தகித்தால் அது உரசிக்கொண்டே வருகிறது. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலையே செய்யவில்லை. இரண்டாவதை யாரும் பொருட்படுத்துவதில்லை, ஆனால் அதன் பங்கு வெப்பம் மற்ற டிரம்களுக்குள்தான் போயிருக்கிறது.

முட்டுக்கொடுத்த கற்களைப் புறப்படும்போது சாலையிலேயே விட்டுப் போகாதீர்கள் என்று ஒரு இருசக்கர ஓட்டுநர் கேட்டுக்கொண்டிருக்கிறார். அதையும் இங்கே சேர்க்கிறேன்.